பிங்க் ஃபிளாய்டின் அந்த ஓசை எங்கிருந்து வந்தது?

"சிட் பாரெட்தான் பிங்க் ஃபிளாய்டைத் தொடங்கினார் என்கிறார்கள். கட்டடக்கலை மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய குழு என்றும் சொல்கிறார்கள். எது சரி? எல்எஸ்டி என்ற போதைப்பொருள் இல்லாவிட்டால் அந்த இசை வந்திருக்குமா?" என்று அந்த பிரிட்டிஷ் ராக் குழுவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பார்க்க இரண்டு கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் நீங்கள் கேட்க நினைப்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. 1965இல் லண்டனில் எல்லாரும் வாசித்த ரிதம் அண்ட் புளூஸ் பாட்டுகளையே வாசித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் குழு, 1967இல் ஆபி ரோடு ஸ்டுடியோவுக்குள் முற்றிலும் வேறு ஓர் ஓசையோடு எப்படி நுழைந்தது? நடுவில் என்ன நடந்தது?

மேடை நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைப்பது என் தொழில். அதனால் ஒரு குழுவைப் பற்றிப் படித்தால் யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதைவிட, எந்த அறையில், எந்தக் கருவியை வைத்து, எவ்வளவு நேரம் வாசித்தார்கள் என்பதில்தான் என் கவனம் போகும். இந்தப் பதிலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

தொடக்கம் பற்றிய கேள்விக்கு நேராகவே பதில் சொல்லலாம். 1962இல் லண்டன் ரீஜென்ட் ஸ்ட்ரீட் பாலிடெக்னிக்கில் கட்டடக்கலை படிக்கச் சேர்ந்தவர்கள் ரோஜர் வாட்டர்ஸும் நிக் மேசனும். ரிக் ரைட்டும் அங்கேதான் படித்தார், பிறகு அதை விட்டுவிட்டு இசைக் கல்லூரிக்குப் போனார். 1963இல் கீத் நோபிள், கிளைவ் மெட்காஃப் என்ற இரண்டு சக மாணவர்கள் நடத்திய சிக்மா 6 என்ற குழுவில் மூவரும் சேர்ந்துகொண்டார்கள். அப்போது வாட்டர்ஸ் கையில் இருந்தது பேஸ் கிடார் அல்ல, லீட் கிடார். கீபோர்டு கிடைப்பது அரிது என்பதால் ரைட் ரிதம் கிடார் வாசித்தார். மேசன் மட்டும் அன்றும் டிரம்ஸ், கடைசிவரை டிரம்ஸ். ஜூலியட் கேல் என்ற மாணவி அவ்வப்போது பாடினார். பின்னாளில் ரைட் அவரைத்தான் மணந்தார். குழுவின் பெயர் மாறிக்கொண்டே இருந்தது: மெக்கடெத்ஸ், அப்டாப்ஸ், ஸ்பெக்ட்ரம் ஃபைவ், டீ செட். ஒரு கட்டத்தில் லியனார்ட்ஸ் லாட்ஜர்ஸ், அதாவது 'லியனார்ட் வீட்டுக் குடித்தனக்காரர்கள்'.

அந்த லியனார்டைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் வரலாறு எழுதுபவர்கள் இவரை இரண்டு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். மைக் லியனார்ட் அந்தப் பாலிடெக்னிக்கிலும் ஹார்ன்சி கலைக் கல்லூரியிலும் பகுதிநேர ஆசிரியர். வடக்கு லண்டன் ஹைகேட் பக்கம் ஸ்டான்ஹோப் கார்டன்ஸில் ஒரு வீடு வாங்கி மாணவர்களை வாடகைக்கு வைத்தார். முதலில் வாட்டர்ஸும் மேசனும் குடிவந்தார்கள், பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து தங்கினார்கள். முன்னறையில் ஒத்திகை பார்க்க அனுமதித்தார், சில நாள் தானே உட்கார்ந்து கீபோர்டும் வாசித்தார். இன்னொரு வேலையும் அந்த வீட்டில் நடந்தது. துளை போட்ட தகடுகளை மோட்டாரில் சுழலவிட்டு, விளக்கொளியை அவற்றின் வழியே சுவரில் விழச்செய்யும் இயந்திரங்களை லியனார்ட் செய்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒலியும் ஒளியும் சேர்ந்து ஒரே அனுபவமாக இருக்கலாம் என்ற எண்ணம் இந்தப் பையன்களுக்கு சான்ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வரவில்லை. குடியிருந்த வீட்டுச் சுவரிலேயே அதைப் பார்த்துவிட்டார்கள்.

பாரெட் வருவது 1964இல். கேம்பிரிட்ஜ்காரர், வாட்டர்ஸுக்கு அங்கேயே பழக்கம். லண்டன் கேம்பர்வெல் கலைக் கல்லூரியில் ஓவியம் படிக்க வந்தார். அவருக்குச் சற்று முன்னால் அதே கேம்பிரிட்ஜிலிருந்து பாப் க்ளோஸ் என்ற கிடார்காரர் வந்து சேர்ந்திருந்தார். குழுவில் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் அவர்தான், ஜாஸ் கார்டுகள் (chords, சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) எல்லாம் அவருக்குக் கைவந்திருந்தன. இப்படி இரண்டு கிடார்காரர்கள் வந்ததும் வாட்டர்ஸ் பேஸுக்கு நகர்ந்தார். பாடுவதற்குக்கூட பாரெட் முதல் தேர்வு இல்லை. விமானப் படையில் வேலையாயிருந்த கிறிஸ் டென்னிஸ் என்பவர்தான் பாடினார். 1965 தொடக்கத்தில் அவரை பஹ்ரைனுக்கு மாற்றல் செய்துவிட்டார்கள். அதனால் பாரெட் மைக்குக்கு முன்னால் வந்தார். அந்த ஆண்டின் நடுவில் க்ளோஸும் போனார். படிப்பைப் பார் என்று வீட்டிலும் கல்லூரியிலும் நெருக்கினார்கள். அதனால் லீட் கிடாரும் பாரெட்டிடம் வந்தது.

ஆக, தொடங்கியவர் பாரெட் அல்ல. வந்து சேர்ந்தவர். ஆனால் அவர் வராமல் இருந்திருந்தால் அந்தக் குழு ஒரு கல்லூரி நினைவாக முடிந்திருக்கும் என்பதே என் கணிப்பு. பெயரும் அவர் வைத்ததுதான். 1965 பிற்பகுதியில் ஒரு நிகழ்ச்சிக்குப் போனால் அங்கே இன்னொரு டீ செட் நிற்கிறது. உடனே வேறு பெயர் வேண்டும். பிங்க் ஆண்டர்சன், ஃபிளாய்ட் கவுன்சில் என்ற இரண்டு அமெரிக்கக் கறுப்பின புளூஸ் கலைஞர்களின் முதற்பெயர்களை ஒட்டவைத்து 'தி பிங்க் ஃபிளாய்ட் சவுண்ட்' என்றார். ஆண்டர்சன் தென் கரோலினாக்காரர், கவுன்சில் வட கரோலினாக்காரர். இந்தப் பெயர் பறக்கும் தட்டிலிருந்து தனக்கு வந்தது என்று பாரெட் சொன்னதாக ஒரு கதை உலவுகிறது. அதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம்.

சரி, ஓசைக்கு வருவோம். என் வாதத்தின் முக்கியமான இடம் கவுண்ட்டவுன் கிளப். 1965இல் கென்சிங்டன் பகுதியில் ஒரு நிலவறை. அங்கே இவர்களுக்கு நிரந்தரமாக வாசிக்கும் வாய்ப்பு வந்தது. இரவு தொடங்கி விடியற்காலை வரை, தொண்ணூறு நிமிடம் வீதம் மூன்று சுற்று. மொத்தம் நாலரை மணி நேரம். கையில் இருந்ததோ போ டிட்லி, ரோலிங் ஸ்டோன்ஸ் மாதிரியான பாட்டுகள், ஒவ்வொன்றும் இரண்டரை மூன்று நிமிடம். கணக்குப் போட்டுப் பாருங்கள், தொண்ணூறு நூறு பாட்டு வேண்டும். அத்தனை தெரியாது. வாசித்ததையே திரும்ப வாசிக்காமல் நேரத்தை ஓட்ட என்ன செய்வது? ஒரு பாட்டை எடுத்து நடுவில் நீட்டுவது. நீளமான தனி வாசிப்புகளால் பாட்டை வளர்க்கலாம் என்று தங்களுக்குப் புரிந்தது அங்கேதான் என்று மேசனே எழுதியிருக்கிறார்.

மேடைப் பக்கம் புழங்கியவர்களுக்கு இது உடனே புரியும். முக்கியப் பாடகர் வரத் தாமதமானால் குழு ஒரு தாளத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வாசிக்குமே, அந்த நிலைமைதான். வித்தியாசம் என்னவென்றால், கைதேர்ந்த வாசிப்பாளர்கள் அந்த நேரத்தை வேகமான சங்கதிகளால் நிரப்புவார்கள். இவர்களால் அது முடியாது. க்ளோஸ் போனபின் குழுவில் ஜாஸ் தெரிந்த கை இல்லை. எரிக் கிளாப்டன் மாதிரி புளூஸ் சோலோ வாசிக்க பாரெட்டுக்கு வராது, அவருக்கு அதில் விருப்பமும் இல்லை. அப்படியானால் எதை வைத்து நிரப்புவது? ஓசையை வைத்துத்தான்.

இங்கே ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மிலான் நகரில் தயாரான பின்சன் எக்கோரெக். மற்ற எக்கோ கருவிகளில் காந்த நாடா வளையமாகச் சுற்றும். இதில் நாடா கிடையாது. உலோக உருளை ஒன்று, அதன் விளிம்பில் மெல்லிய எஃகுக் கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். அந்தக் கம்பிதான் ஒலியைப் பிடித்து வைக்கும். உருளையைச் சுற்றி ஒரு பதிவுத் தலை, அதையடுத்து இடைவெளி விட்டு நான்கு வாசிப்புத் தலைகள். ஒரு சுரம் வாசித்தால் அது உருளையில் பதிந்து ஒவ்வொரு தலையையும் தாண்டும்போது மறுபடி மறுபடி கேட்கும், கடைசித் தலைக்கு வர ஏறக்குறைய 0.3 நொடி. எந்தத் தலை பேச வேண்டும் என்று ஒரு குமிழால் தேர்ந்தெடுக்கலாம். வெளியே வரும் ஒலியைத் திரும்ப உள்ளே அனுப்பினால் எதிரொலி நிற்காமல் வளரும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஊளையிடத் தொடங்கிவிடும். அந்த விளிம்பில் குமிழைப் பிடித்து நிறுத்துவது ஒரு கைப்பழக்கம். நாடா எக்கோவில் அப்படிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த இடத்தில் கருவியே உங்களோடு சேர்ந்து வாசிக்க ஆரம்பித்துவிடும்.

இந்தப் பெட்டி வாசிப்பவரின் மனசையே மாற்றிவிடும். வேகமாக வாசித்தால் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சேறாகிவிடும். ஆகவே மெதுவாக வாசிக்க வேண்டும், இடைவெளி விட வேண்டும், ஒரு சுரம் போட்டுவிட்டு அது என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். வேக வாசிப்பு வராத ஒரு குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை. பாரெட்டின் கிடாரும் ரைட்டின் ஃபார்ஃபீசா ஆர்கனும் இதன் வழியே போனபோது எது கிடார், எது ஆர்கன் என்று பிரிக்க முடியாமல் போனது. பாரெட் வேறு சில வித்தைகளையும் சேர்த்தார். சிப்போ லைட்டரைக் கம்பிகளின் மேல் தேய்த்து வாசித்தார். ஏஎம்எம் என்ற லண்டன் குழுவில் கீத் ரோ கிடாரைப் படுக்க வைத்து, கம்பிகளின் மேல் பொருள்களைப் போட்டு ஓசை எழுப்பியதை அவர் பார்த்திருந்தார். அந்தத் தாக்கத்தைக் காது இருப்பவர் யாரும் மறுக்க முடியாது.

1966இன் முற்பாதியில் மார்கீ கிளப்பில் இதைக் கேட்டவர் பீட்டர் ஜென்னர், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் விரிவுரையாளர். அந்த ஓசை எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்று தெரியாமல் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்ததாக அவர் பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்தக் குழுவின் வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் அது. பாட்டு நன்றாயிருக்கிறது என்றோ பாடகர் அழகாயிருக்கிறார் என்றோ அவர் வரவில்லை. ஓசை எங்கிருந்து வருகிறது என்ற குழப்பத்தில் வந்தார். நண்பர் ஆண்ட்ரூ கிங்கோடு சேர்ந்து பிளாக்ஹில் என்டர்பிரைசஸ் என்ற நிறுவனம் தொடங்கினார். கிங்குக்குப் பரம்பரையாக வந்த பணத்தில் கருவிகள் வாங்கினார்கள். பெயரின் வாலிலிருந்த 'சவுண்ட்' என்ற சொல்லை வெட்டச் சொன்னவரும் ஜென்னர்தான்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. 1966 இலையுதிர் காலத்தில் நாட்டிங் ஹில் பகுதியில் ஆல் செயின்ட்ஸ் தேவாலயக் கூடத்தில், லண்டன் ஃப்ரீ ஸ்கூல் என்ற அமைப்புக்காக வாசித்தார்கள். அங்கே ஜோயல், டோனி பிரவுன் என்ற அமெரிக்கத் தம்பதி இவர்கள் மேல் வண்ணப் படங்களை வீழ்த்தினார்கள். அவர்கள் போனபின் ஜென்னரும் கிங்கும் தாங்களே விளக்குகள் செய்தார்கள். மரப்பலகையில் ஸ்பாட் லைட்டுகளை மாட்டி, முன்னால் வண்ணப் பிளாஸ்டிக் தகடு வைத்து, இயக்குவதற்கு வீட்டுச் சுவரில் இருக்கும் சாதாரண சுவிட்சுகள். தாளத்துக்கு ஏற்பத் தட்டித் தட்டி அணைத்தார்கள். விளக்குகள் தாழ்வாக இருந்ததால் வாசிப்பவர்களின் நிழல் பின்சுவரில் பெரிதாக எழுந்தது, முகம் மட்டும் தெரியவில்லை. நட்சத்திரப் பாடகர் இல்லாத குழுவாக இவர்கள் பழக இதுவும் ஒரு காரணம். 1968இல் முன்னணிப் பாடகரை இழந்தும் குழு உடையாமல் நின்றதை விளக்கும்போது யாரும் அந்த விளக்குகளைச் சொல்வதில்லை.

அக்டோபர் 15, 1966: 'இன்டர்நேஷனல் டைம்ஸ்' என்ற மாற்றுப் பத்திரிகையின் தொடக்க விழா. சாக் ஃபார்மில் ரயில் என்ஜின் நிறுத்தும் பழைய கட்டடமான ரவுண்ட்ஹவுசில் சுமார் 2,000 பேர். சாஃப்ட் மெஷின் குழுவும் வாசித்தது. மின்சார வசதி மோசம். பிங்க் ஃபிளாய்டின் வாசிப்பு முடியும் நேரத்தில் மின்சாரம் போய்விட்டது, அதையே ஒரு உச்சகட்டமாகக் கூட்டம் எடுத்துக்கொண்டது. டிசம்பர் 23 அன்று டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் ஒரு திரையரங்கின் அடியில் இருந்த ஐரிஷ் நடனக் கூடத்தில் யூஎஃப்ஓ கிளப் திறந்தது. நடத்தியவர்கள் ஜோ பாய்டும் ஜான் ஹாப்கின்ஸும். வெள்ளிக்கிழமை இரவுகளில், மது விற்பனை இல்லாமல். கூட்டம் தரையில் உட்கார்ந்தும் படுத்தும் கேட்டது. ஹிட் பாட்டு வாசி என்று யாரும் கத்தவில்லை. ஒரு துண்டு இசை இருபது நிமிடம் போனாலும் எழுந்து போகவில்லை. கவுண்ட்டவுன் கிளப்பில் வேறு வழியில்லாமல் செய்தது யூஎஃப்ஓவில் ஒரு பாணியாக மாறியது.

அப்படி நீண்ட துண்டுகளில் பெயர் பெற்றது 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்'. அது பிறந்த கதை வேடிக்கையானது. அமெரிக்காவின் லவ் என்ற குழு வாசித்த ஒரு பாட்டை பாரெட்டுக்குச் சொல்ல ஜென்னர் முனகிக் காட்டினார். ஜென்னருக்குச் சுருதி சேராது. அவர் தப்பாக முனகியதை பாரெட் கிடாரில் பிடித்தார், இறங்கிக்கொண்டே வரும் அந்தப் புகழ்பெற்ற வரி கிடைத்துவிட்டது. முதலில் அந்த வரி, நடுவில் எங்கு வேண்டுமானாலும் போகலாம், கடைசியில் மறுபடி அந்த வரி. 1967 ஜனவரியில் செல்சியில் இருந்த சவுண்ட் டெக்னிக்ஸ் ஸ்டுடியோவில், பீட்டர் ஒயிட்ஹெட் என்ற இயக்குநரின் ஆவணப்படத்துக்காக இதைப் பதிந்தார்கள். பதினாறு நிமிடத்துக்கு மேல் ஓடும்.

அதே மாதம் அதே ஸ்டுடியோவில் ஜோ பாய்டின் தயாரிப்பில் 'ஆர்னால்ட் லேன்' பதிவானது. இதற்கும் மேற்சொன்னதற்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி மூன்று நிமிடத்துக்குள் முடியும் பாட்டு. துணி காயும் கொடியிலிருந்து பெண்களின் உடைகளைத் திருடும் ஒருவனைப் பற்றியது. கேம்பிரிட்ஜில் வாட்டர்ஸ் வீட்டிலும் பாரெட் வீட்டிலும் மாணவிகள் வாடகைக்குத் தங்கியிருந்தார்கள், கொடியிலிருந்து துணிகள் காணாமல் போனது உண்மைச் சம்பவம். பாரெட்டின் நிஜமான கொடை இதில்தான் தெரிகிறது. நீண்ட ஓசைக்கான பெருமையை நால்வருக்கும் பங்கு போடலாம். ஆனால் வீட்டுக் கொல்லையில் நடப்பதை எடுத்துப் பாட்டாக்கும் அந்தக் கண் அவருக்கு மட்டுமே இருந்தது. அந்தப் பதிவைக் காட்டித்தான் ஈ.எம்.ஐ. என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் கிடைத்தது, முன்பணம் 5,000 பவுண்டு. மார்ச் மாதம் வெளியாகி பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் 20ஆம் இடம்வரை ஏறியது. பிபிசி தடை செய்தது என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். உறுதியாகச் சொல்லக்கூடியது, கடலில் கப்பலிலிருந்து ஒலிபரப்பிய ரேடியோ லண்டன் அதை ஒதுக்கியது என்பதுதான்.

ஈ.எம்.ஐ. பாய்டை விட்டுவிட்டு, தன் சம்பளக்காரரான நார்மன் ஸ்மித்தைத் தயாரிப்பாளராகப் போட்டது. 1965 வரை பீட்டில்ஸுக்கு ஒலிப்பொறியாளராக இருந்தவர். ஆபி ரோட்டில் இவர்கள் முதல் ஆல்பத்தைப் பதிந்துகொண்டிருந்த அதே மாதங்களில் பக்கத்து ஸ்டுடியோவில் பீட்டில்ஸ் 'சார்ஜன்ட் பெப்பர்' பதிந்துகொண்டிருந்தார்கள். மார்ச் 21 அன்று இவர்களைக் கூட்டிப்போய் பீட்டில்ஸிடம் அறிமுகம் செய்தார்கள். ஸ்மித்தைப் பலர் குறை சொல்கிறார்கள், மேடையில் இருந்த காட்டுத்தனத்தை அடக்கிவிட்டார் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொதுவாக ஒரு எல்.பி. இசைத்தட்டில் அடங்குவது ஏறக்குறைய நாற்பது நிமிடம்தான். ஸ்மித் 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்'க்கு ஒன்பதே முக்கால் நிமிடம் கொடுத்தார். ஒரு பதிவின் மேல் இன்னொரு பதிவை ஏற்றினார். முடிவில் ஒலியை இடதுக்கும் வலதுக்குமாக வீசியெறிந்தார். பாப் பாட்டுக்குப் பழகிய ஒரு மனிதர் அவ்வளவு செய்ததே பெரிது.

அதற்கிடையில் மே 12 அன்று குயின் எலிசபெத் ஹாலில் 'கேம்ஸ் ஃபார் மே' என்ற நிகழ்ச்சி. அரங்கு திறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. ஆபி ரோடு தொழில்நுட்பர் பெர்னார்ட் ஸ்பைட் செய்துகொடுத்த அசிமத் கோ-ஆர்டினேட்டர் என்ற கருவியை ரைட் இயக்கினார். ஒரு குச்சிப்பிடியைச் சாய்த்தால் அரங்கின் நான்கு பக்க ஸ்பீக்கர்களிலும் ஒலி சுற்றிவரும். இன்று மென்பொருளில் ஒரு நொடியில் செய்கிறோம். அன்று ஒரு பாப் குழு ஒலியை அறைக்குள் ஒரு பொருளாக நகர்த்திப் பார்த்தது என்பதே எனக்கு வியப்பு. சோப்புக் குமிழிகளும் பூவிதழ்களும் நாற்காலிகளையும் கம்பளத்தையும் பாழாக்கியதால் இனி இங்கே வரக்கூடாது என்று அரங்கம் தடை போட்டது தனிக்கதை.

ஜூனில் வந்த 'சீ எமிலி ப்ளே' ஆறாம் இடம்வரை போனது. ஆகஸ்ட் 5 அன்று வந்த முதல் ஆல்பம் 'தி பைப்பர் அட் தி கேட்ஸ் ஆஃப் டான்' அதுவும் ஆறாம் இடம். பதினொரு பாட்டில் எட்டு பாரெட் தனியாக எழுதியவை, ஒன்று வாட்டர்ஸ், இரண்டு குழுவாக. "பாரெட்தான் தொடங்கினார்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று இந்தக் கணக்கைப் பார்த்தாலே புரியும்.

இனி உங்கள் எல்எஸ்டி கேள்வி. உறுதியானது: பாரெட் 1965 முதல் எல்எஸ்டி எடுத்தார், 1967இல் மிக அதிகமாக. மற்ற மூவரும் அந்தக் காலத்தில் பெரும்பாலும் பீர் குடிக்கும் மாணவர்கள், இதை ஜென்னர் உட்படப் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஓசையின் அடித்தளம், அதாவது நீட்டல், எதிரொலி, ஒளி ஆகியவை கிளப்பின் நேரக் கணக்கிலிருந்தும் ஒரு இத்தாலியப் பெட்டியிலிருந்தும் ஒரு வீட்டுக்காரரிடமிருந்தும் வந்தவை. இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சான்ஃபிரான்சிஸ்கோவில் எல்எஸ்டிக்குக் குறைவே இல்லை, ஆனால் கிரேட்ஃபுல் டெட் குழு ஜக் பேண்ட், நாட்டுப்புற, புளூஸ் வழியில் வந்தது. அதன் ஓசை பிங்க் ஃபிளாய்டின் பக்கத்தில்கூட வராது. ஒரே மருந்து, இரண்டு இசை. ஆனால் கேட்பவர் பக்கம் வேறு கதை. யூஎஃப்ஓவில் கூட்டம் அவ்வளவு பொறுமையாகக் கேட்டதில் போதைப்பொருளுக்குப் பங்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

உறுதியில்லாதது பாரெட்டுக்கு என்ன ஆயிற்று என்பது. எல்எஸ்டி காரணமா, முன்பே இருந்த ஒன்றை அது கிளறியதா, புகழின் நெருக்கடியா? நான் மனநல மருத்துவன் அல்ல. அவரைப் பற்றி முறையான நோயறிதல் எதுவும் பொதுவில் வந்ததும் இல்லை. எனவே அவருக்கு இந்த நோய்தான் என்று பெயர் சொல்லி எழுதுபவர்களை நம்பாதீர்கள். மேடையில் தலைமுடியில் மாத்திரையையும் பிரில்கிரீம் என்ற தலைமுடிப் பசையையும் குழைத்துத் தடவிக்கொண்டார் என்ற பிரபலமான கதையும் அப்படித்தான், பார்த்தேன் என்பவர்களும் உண்டு, நடக்கவேயில்லை என்பவர்களும் உண்டு. நடந்த இடமும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

ஆனால் அவர்கள் எந்த மாதிரி வாழ்க்கைக்குள் தள்ளப்பட்டார்கள் என்பது தெளிவாகத் தெரியும். ஹிட் வந்தபின் லண்டனுக்கு வெளியே நடனக் கூடங்களில் வாசிக்க அனுப்பினார்கள். ஆட வந்த கூட்டத்துக்கு 'எமிலி' வேண்டும், இவர்களோ அரை மணி நேர ஓசையை எழுப்புகிறார்கள். பீர் கிளாஸ்கள் பறந்து வந்தன. 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு மூன்றாவது முறை போவதற்குள் பாரெட்டுக்கு வெறுத்துவிட்டது. நவம்பரில் அமெரிக்கப் பயணம், அங்கே மேடையிலும் தொலைக்காட்சியிலும் அவர் வாசிக்காமல், கேள்விக்குப் பதில் சொல்லாமல் நின்றார். பயணத்தைப் பாதியில் முடித்துக்கொண்டு திரும்பினார்கள். திரும்பியதும் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் தலைமையில் பல குழுக்கள் சேர்ந்து ஊர் ஊராகப் போன நிகழ்ச்சி. ஒரு நாளைக்கு இரண்டு காட்சி, இவர்களுக்குக் கிடைத்தது ஒவ்வொன்றிலும் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. நாலரை மணி நேரத்தை நிரப்பக் கற்றுக்கொண்டு உருவான குழுவை அந்தப் பொழுதுக்குள் திணித்தார்கள். பாரெட் வராத சில இரவுகளில் தி நைஸ் குழுவின் டேவிட் ஓ'லிஸ்ட் அவர் இடத்தில் நின்று வாசித்தார்.

கேம்பிரிட்ஜ் நண்பர் டேவிட் கில்மோரை அழைத்தது அந்த ஆண்டுக் கடைசியில். 1968 ஜனவரியில் சில நிகழ்ச்சிகள் ஐந்து பேராக வாசித்தார்கள். பாரெட் வீட்டில் இருந்து பாட்டு மட்டும் எழுதட்டும் என்று ஒரு யோசனையும் இருந்தது. ஜனவரி 26, சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் நிகழ்ச்சி. வண்டியில் போகும்போது சிட்டைக் கூப்பிடப் போகலாமா என்று ஒருவர் கேட்க, வேண்டாம் என்று முடிவாயிற்று. யார் சொன்னது என்பதில் நினைவுகள் ஒத்துப்போவதில்லை, போகவில்லை என்பதில் எல்லாரும் ஒத்துப்போகிறார்கள். அதிகாரபூர்வ அறிவிப்பு ஏப்ரல் 6 அன்றுதான் வந்தது. அதற்கு முன்பே ஜென்னரும் கிங்கும் குழுவை விட்டுப் பிரிந்துவிட்டார்கள். பாரெட் இல்லாத பிங்க் ஃபிளாய்டுக்கு எதிர்காலம் இல்லை என்று நினைத்து, பாரெட் பக்கம் போனார்கள். அன்றைய நிலையில் அது நியாயமான கணிப்புதான், எட்டுப் பாட்டு எழுதியவர் அவரல்லவா.

அந்தக் கணிப்பு பலிக்காமல் போனதற்கு 1968 ஜூனில் வந்த இரண்டாவது ஆல்பத்தின் தலைப்புத் துண்டைக் கேளுங்கள், 'எ சாசர்ஃபுல் ஆஃப் சீக்ரெட்ஸ்'. பன்னிரண்டு நிமிடம் ஓடும். அதை வாட்டர்ஸும் மேசனும் ஸ்வரத்தில் எழுதவில்லை, ஏற்ற இறக்கங்களைக் காகிதத்தில் ஒரு வரைபடமாகப் போட்டு வைத்துத் திட்டமிட்டார்கள். கட்டடக்கலை படிப்பு வீண் போகவில்லை என்று நான் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள், ஆனால் அந்தத் துண்டில் அது கேட்கிறது. நார்மன் ஸ்மித்துக்கு அது பிடிக்கவில்லை.

நீங்களே சரிபார்க்க விரும்பினால் இந்த வரிசையில் கேளுங்கள். முதலில் க்ளோஸ் இருந்தபோது பதிந்து 2015இல் வெளியான ஆறு பாட்டுகள். 'லூசி லீவ்' ஒன்று போதும், அசல் ரிதம் அண்ட் புளூஸ் குழு அது. அடுத்து சவுண்ட் டெக்னிக்ஸில் பதிந்த நீண்ட 'இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்', பிறகு ஆல்பத்தில் உள்ளது, கடைசியாக 'சாசர்ஃபுல்'. ஹெட்போனில் கேட்காதீர்கள். ஒரு அறையில் ஸ்பீக்கரில், அக்கம்பக்கத்தார் பொறுக்கும் அளவுக்குச் சத்தமாக வையுங்கள். நடுப்பகுதியில் கிடாரும் ஆர்கனும் எங்கே பிரிகின்றன என்று தேடிப் பாருங்கள்.